வெள்ளிக்கிழமைக் கட்டு

கோர்ட்டில் அவளுக்குக் கட்டம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். பெஞ்சு கிளார்க் வேலை. மாஜிஸ்திரேட்டின் மேடைக்குக் கீழே, இடது கைப் பக்கம், ஒரு கால் லேசாக ஆடுகிற மேஜை. அதில் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக முப்பத்தொரு வருஷம் ஓட்டினாள். பதினான்கு மாஜிஸ்திரேட்டுகள் வந்து போனார்கள். வந்த புதிதில் எல்லோரும் அவளை ஒரு அதட்டு அதட்டிப் பார்ப்பார்கள். ஒரு மாதம் போனதும், "அம்மா, அந்தப் பழைய கேஸ் எங்க இருக்கும்?" என்று குழைவார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி எடுத்துக் கொடுப்பாள்.

அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். பிறகு சொல்ல வாய் வராது. யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்தவள் இல்லை. கைக்குழந்தையோடு காத்திருக்கிற பெண்ணைக் கண்டால் வரிசை எண்ணைப் பார்க்காமல் முதலில் கூப்பிட்டுவிடுவாள். வக்கீல்கள் முகம் சுளித்தால், "குழந்தைக்கு வாய்தா கொடுக்க முடியாது சார்" என்பாள். ஒரு காகிதம் தொலைந்தது என்ற பேச்சு அவள் மேஜையில் இருந்ததே கிடையாது. வீட்டில் இருக்கிற மனுஷர் லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவர். "நான் ஆளுங்களை மேல ஏத்துறேன், நீ ஆளுங்களை உள்ள தள்ளுற" என்று கேலி செய்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே கேலிதான். அவளும் முதல் தடவை கேட்பதுபோல ஒரு முறை முறைத்துவிட்டுச் சோறு போடுவாள்.

அவள் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய வழக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில் கட்டப்பட்டு அலமாரியில் நிற்கும். சில்லறை வழக்குகளுக்கு அந்த மரியாதை கிடையாது. வாரம் முழுக்கச் சேர்கிறவற்றை ஒரே சிவப்பு நாடாவில் கட்டி வெள்ளிக்கிழமை காலையில் மேடையில் வைப்பாள். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவன், சுவரோரம் நின்று அசிங்கம் செய்தவன், நடைபாதையில் கடை பரப்பியவன், ஒலிபெருக்கியைக் கத்தவிட்டவன், கழுதை மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியவன், மாட்டை அடித்தவன், நாயை அடித்தவன். வாயில்லாத ஜீவன்கள் சம்பந்தப்பட்டது எல்லாம் சட்டத்தின் கணக்கில் சில்லறைதான். "ஒத்துக்கிறியா?" என்பார் மாஜிஸ்திரேட். "ஒத்துக்கிறேங்க." அபராதம், ரசீது, அடுத்த ஆள். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது வழக்கு. அந்த அபராதம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கக் காணாது.

ஒவ்வொரு வழக்கின் மேலும் ஒரு குறிப்புத் தாள் இருக்கும். பிறகு வந்து சேர்கிற காகிதம் எதுவானாலும் அந்தத் தாளில் ஒரு வரி ஏற வேண்டும். மாஜிஸ்திரேட் அந்தத் தாளை மட்டும்தான் பார்ப்பார். நாற்பது வழக்கையும் புரட்டிப் படிக்க யாரால் ஆகும்? அவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவைப்பது கட்டம்மாவின் பொறுப்பு. அதாவது, அவள் எழுதாத காகிதம் அந்தக் கோர்ட்டில் இல்லாத காகிதம்.

அவள் ஓய்வுபெற ஐந்து வருஷம் இருக்கும்போது நடந்தது இது. பேட்டரிக் கடை வைத்திருந்த ஒருவன், தன் கடைப் படியில் படுத்துக் கிடந்த தெரு நாயின் மேல் பேட்டரித் திராவகத்தை ஊற்றினான். விரட்டியும் அது திரும்பத் திரும்ப வந்து படுக்கிறதாம். அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் அது. கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருந்தார். ஒண்டிக்கட்டை. அந்த நாய்க்குச் செவலை என்று பெயர் வைத்து, தன் சாப்பாட்டில் பாதியைப் போட்டு வளர்த்தவர் அவர்தான். தண்ணீர்க் குடத்தை அப்படியே நாயின் மேல் கவிழ்த்து, ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கிருந்து நேராகப் போலீஸுக்குப் போனார். அங்கே சிரித்தார்கள். மறுநாளும் போனார். நாலாவது நாள் சிரிக்காத ஒரு இன்ஸ்பெக்டர் கிடைத்தார்.

வழக்கு முதலில் சில்லறைப் பிரிவில்தான் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதே ஸ்டேஷனிலிருந்து இன்னொரு உறை வந்தது. உள்ளே மாட்டு டாக்டரின் சான்றிதழ்: முதுகுத் தோல் முழுக்க வெந்துவிட்டது, ஒரு கண் போய்விட்டது. கூடவே இன்ஸ்பெக்டரின் மனு: இது வேண்டுமென்றே ஊனமாக்கிய குற்றம், இரண்டு வருஷம் வரை சிறை உள்ள பெரிய பிரிவுக்கு மாற்றி, சாட்சியை விசாரிக்க வேண்டும். அப்படி ஒரு பிரிவு சட்டத்தில் அப்போதும் இருந்தது. யாரும் கையாளாமல் துருப்பிடித்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

கட்டம்மா உறையைக் கிழித்தாள். முதல் வரியில் நாய் என்ற சொல் கண்ணில் பட்டது. கை தானாகப் போய் அந்தக் காகிதங்களை வழக்கின் அடியில் செருகியது. குறிப்புத் தாளில் அவள் எழுதவில்லை. அன்றைக்கு அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; வீட்டில் சண்டையில்லை; யாரும் அவசரமாகக் கூப்பிடவும் இல்லை. பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் ஒரு சாக்கு அவளுக்குக் கிடைக்கவில்லை. நாய்க் கேஸ், வெள்ளிக்கிழமைக் கட்டு. அதற்கு மேல் அவள் எதையும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேட்டரிக்காரன் வெள்ளைச் சட்டையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒத்துக்கிறேன் ஐயா என்றான். அரை நிமிஷம் ஆகியிருக்கும். கட்டம்மா ரசீது எழுதிக் கொடுத்தாள். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து நன்றியாகச் சிரித்துவிட்டுப் போனான்.

மதியம் தீர்ப்புகளைப் பதிவேட்டில் ஏற்றக் கட்டை அவிழ்த்தபோது அந்தச் சான்றிதழ் நழுவி மேஜையில் விழுந்தது. அப்போதுதான் படித்தாள். இருபத்தாறு வருஷ வேலை. சட்டம் அவளுக்குத் தெரியும். ஒரு செயலுக்கு ஒரு முறை தண்டனை கொடுத்தாயிற்று என்றால் மறுபடி இழுக்க முடியாது. மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டாயிற்று. அவன் ரசீதோடு தெருவில் இறங்கியாயிற்று.

மூச்சு விட வராந்தாவுக்கு வந்தாள். எதிரே இஸ்திரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு அவசரமாக வந்தார். தானே தேய்த்த சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் மாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டு. அவர் ஒன்பதரை மணிக்கே வந்து கதவோரம் நின்றதை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள்.

"அம்மா, செவலை கேஸு எப்ப வரும்?"

"அது முடிஞ்சிடுச்சுங்க."

"முடிஞ்சிடுச்சா? நான்தானே சாட்சி. என்னைக் கூப்பிடவே இல்லையே?"

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு பிசகு ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் உள்ளே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பயம் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"கூப்பிட்டோமே," என்றாள். "நீங்க இல்லை."

அவர் முகம் சுருங்கிப் போனது. "காலையிலயும் ஒருதடவை தண்ணி குடிக்கப் போனேம்மா. ஒரே ஒரு நிமிஷம்..." என்று இழுத்தார். குழாய் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்மா?"

"முடியாதுங்க."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். அவள் உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்த இடத்திலேயே வைத்துக் கட்டினாள். கிழித்துப் போடவில்லை. அந்த மட்டும் ஒரு யோக்கியம் அவளிடம் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை இஸ்திரிக்காரர் மறுபடி வந்தார். விஷயம் தெரிந்து சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தாள். அவர் மேஜைக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

"செவலை போயிட்டாம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவன் கோர்ட்டுக்குப் போட்ட சட்டையோடயே கடையிலேர்ந்து இறங்கி வந்தான். ஒரு கையில கேனு, இன்னொரு கையில ரசீது. என்னைப் பாத்து ரசீதை ஆட்டிக் காட்டினான். 'இவ்வளவுதான்யா ரேட்டு, இன்னொரு ரசீது வாங்கிக்கிறேன்'ன்னான். என் வண்டிக்கு அடியிலதான் படுத்திருந்தா. கட்டுப் போட்ட முதுகோட."

"மறுபடி கம்ப்ளைண்ட் கொடுங்க," என்றாள் கட்டம்மா. "இது புதுக் குற்றம். இதுக்கு வேற கேஸ் போடலாம்."

"வேண்டாம்மா. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? கோர்ட்டு கூப்பிடும்போது இல்லாத ஆளு. இன்ஸ்பெக்டர் எனக்காக எவ்வளவு அலைஞ்சாரு. அவரு முகத்துல முழிக்க முடியல. உங்களையும் சிரமப்படுத்திட்டேன். தப்பு என் மேலதான்." சொல்லிவிட்டுக் கும்பிட்டார். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு கட்டம்மா பழைய கட்டம்மா இல்லை. எந்தக் காகிதம் வந்தாலும் மூன்று தடவை படித்தாள். வெள்ளிக்கிழமைக் கட்டைக் கட்டிவிட்டு அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். ஒருநாள் மாஜிஸ்திரேட் மேடையில் காத்திருக்க, நாலாவது தடவையாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் யாராவது வண்டி பேட்டரியோடு ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தாள். தேய்த்த துணி உடுத்துவதை விட்டாள். சூடான துணியின் வாசனை வந்தாலே மடிப்புக் கலையாத அந்தச் சட்டை கண் முன்னால் வந்து நின்றது. கசங்கிய துணியோடு கோர்ட்டுக்குப் போனாள். புது மாஜிஸ்திரேட், "அம்மா நேரா கட்டுக்குள்ளேர்ந்து எழுந்து வர்றீங்களா?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

நாய்கள்தான் அவளை விடவில்லை. உலகத்தில் இத்தனை நாய்கள் இருக்கின்றன என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. பழுப்பு நாய் எது கண்ணில் பட்டாலும், முதுகைப் பார்க்காதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு முதுகைத்தான் பார்ப்பாள். கோர்ட்டில் டவாலிச் சேவகர் சாட்சிகளைக் கூவிக் கூப்பிடுகிறபோதெல்லாம், பட்டியலில் இல்லாத ஒருவர் கதவோரம் நிற்கிறாரோ என்று அவள் கண் போகும். சில நாள் நிற்பார். கூர்ந்து பார்த்தால் வேறு யாராவதாக இருக்கும். புருஷனிடம் சொல்லியும் மனசு ஆறவில்லை. அவர் கேலியெல்லாம் நிறுத்திவிட்டு, "நாயைக் கொன்னது அவன். நீ எதுக்கு இப்படி உருகுற?" என்றார். கேன் அவன் கையில். ரசீது என் கையெழுத்து என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது அந்தக் குழு வந்தது. மிருகங்களைக் கொடுமைப்படுத்துகிறவர்களுக்குக் கோர்ட்டுகள் இன்னும் கடுமையான தண்டனை கொடுக்கும்படி சட்டத்தை மாற்றலாமா என்று ஊர் ஊராகக் கருத்துக் கேட்கிற குழு. சனிக்கிழமை காலை, அவள் வேலை பார்க்கிற கோர்ட்டு ஹாலிலேயே கூட்டம். பேச வருகிறவர்களை வரிசைப்படி கூப்பிடுவதும் பேசுவதை எழுதுவதும் கட்டம்மா பொறுப்பு. பட்டியலை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பதினோராவது வரிசையில் இஸ்திரிக்காரர் இருந்தார். என்ன சொல்ல வருகிறார் என்ற கட்டத்தில், யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தார்: 'சாட்சி நேரத்துக்கு வராவிட்டால் ஒரு உயிர் போகும் என்பதைச் சொல்ல.'

அவள் பட்டியலைப் புருஷன் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"ஊர் கூடியிருக்கிற எடத்துல வந்து தப்பு தன் மேலன்னு சொல்லப் போறாரு," என்றாள். "நான் அதைக் குனிஞ்சி எழுதணும்."

"எழுது. முப்பத்தொரு வருஷமா அடுத்தவங்க சொன்னதைத்தானே எழுதின?"

"அவரு சொல்லப்போறது நான் சொன்ன பொய்யிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத பாரு. இப்ப வாயைத் திறந்தா விசாரணை வைப்பாங்க. ஓய்வு பெறுற நேரத்துல சஸ்பெண்டு, அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. மூணே மாசம். பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு. அந்த மனுஷன் பழகிட்டாரு. அஞ்சு வருஷம் ஆச்சு."

பழகிட்டாரு என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டாள்.

சனிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, நிதானமாகத்தான் கேட்டார். முதலில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பேசினார். தான் பார்த்த காயங்களை வரிசையாகச் சொன்னார்; பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். "நான் தையல் போட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் அபராதம் கட்டி முடிச்சிடறான் சார்," என்றார் டாக்டரம்மா. வியாபாரிகள் சங்கத்து வக்கீல் அதற்கு மறுப்பாகப் பேசினார். சிறை என்று வைத்தால் பணக்காரன் ஜாமீனில் வந்துவிடுவான், ஏழைதான் உள்ளே கிடப்பான் என்றார். அதில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. செங்கல் சுமக்கக் கழுதை வைத்திருக்கிற ஒருவர் எழுந்து, "என் கழுதை மேட்டுல கால் இடறி விழுந்தா என்னையும் உள்ள போடுவீங்களா? நானும் அதோட சேர்ந்துதான் சுமக்கிறேன்," என்றார். ஹாலில் சிரிப்பு எழுந்தது; அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கட்டம்மா எழுதினாள்.

பதினொன்று வந்தது. அவள்தான் கூப்பிட வேண்டும். இரண்டாவது தடவைதான் குரல் வந்தது. இஸ்திரிக்காரர் முதல் வரிசை ஓரத்திலிருந்து எழுந்தார். ரொம்ப இளைத்திருந்தார். மைக்கை விட்டுத் தள்ளியே நின்று பேசினார்.

"ஐயா, எனக்குச் சட்டம் தெரியாது. கூட்டணுமா குறைக்கணுமான்னு பெரியவங்க சொல்வீங்க. நான் சொல்ல வந்தது வேற. நான் ஒரு நாயை வளத்தேன். ஒருத்தன் அது மேல திராவகம் ஊத்தினான். கோர்ட்டுல கேஸு வந்துது. நான்தான் சாட்சி. என்னைக் கூப்பிட்ட நேரத்துல நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன். அதனால அவனுக்கு அபராதத்தோட போச்சு. அன்னைக்கு சாயங்காலமே வந்து அதைக் கொன்னுட்டான். சட்டம் எவ்வளவு பெருசா இருந்தாலும், என்னை மாதிரி ஒரு சாட்சி இருந்தா..."

கட்டம்மாவின் பேனா 'தண்ணி குடிக்கப் போயிட்டேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு எழுத்து நகரவில்லை. அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவரைக் கூப்பிடவே இல்லைங்கய்யா," என்றாள்.

தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்னம்மா?"

"அந்தக் கேஸுல சாட்சியைக் கூப்பிடவே இல்லை. பெரிய பிரிவுக்கு மாத்தச் சொல்லி இன்ஸ்பெக்டர் மனு கொடுத்திருந்தாரு. நான் அதைக் குறிப்புத் தாள்ல ஏத்தல. சில்லறைக் கட்டுல வச்சிட்டேன். மாஜிஸ்திரேட் அதைப் பார்க்கவே இல்லை. சாட்சிகிட்ட, கூப்பிட்டோம் நீங்க இல்லைன்னு பொய் சொன்னது நான்தான். அந்தக் காகிதம் இன்னைக்கும் கட்டுக்குள்ள இருக்கு."

சங்கத்து வக்கீல்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். அவருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. "பார்த்தீங்களா ஐயா, சட்டம் சரியாத்தான் இருந்திருக்கு. குமாஸ்தா வேலை சரியில்லை. இதுக்குப் போய்த் தண்டனையைக் கூட்டணும்னா எப்படி?"

தலைவர் அவளைப் பார்த்தார். "அவர் கேட்கிறதுக்கு என்னம்மா சொல்றீங்க?"

"என் வேலை சரியில்லைதான். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க," என்றாள் கட்டம்மா. "ஆனா முப்பத்தொரு வருஷத்துல நான் அடியில வச்ச காகிதம் அது ஒண்ணுதான். ஒரு மனுஷன் மேல ஊத்தினான்னு எழுதியிருந்தா என் கை அப்படிப் போயிருக்காது. நாய்ன்னு பாத்தேன், போயிடுச்சு. நாய்க் கேஸ்னா சைக்கிள் விளக்குக் கேஸ் மாதிரின்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? அந்த அபராதம்தானே? வருஷக்கணக்கா அந்த ரசீதை எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. போலீஸ் சிரிச்சாங்க, அவங்களுக்கும் அந்த ரேட்டு தெரியும். அவனுக்கும் தெரியும், ரசீதை ஆட்டிக் காட்டிட்டுத்தான் கொன்னிருக்கான். கழுதைக்காரரை உள்ள போடுங்கன்னு நான் சொல்லல. தெரிஞ்சே வதைக்கிறவனோட கேஸு அந்தக் கட்டுல இருக்கக் கூடாதுங்கய்யா."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். கூட்டத்தைப் பத்து நிமிஷம் ஒத்திவைத்து, அவள் சொன்னதைக் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னார். "இது உங்க மேலயே திரும்பும், தெரியுமில்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தெரியும் என்றாள்.

ஜனங்கள் வெளியே போனார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கட்டம்மா அவர் பக்கத்தில் போனாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. ஐந்து வருஷமாக அவர் முகத்தில் கிடந்த பாரம் இப்போது இறங்கும், அதையாவது கண்ணால் பார்க்கலாம் என்று ஒரு சின்ன ஆசையும் அவளுக்கு இருந்தது.

"நெஜமாவே கூப்பிடலையா?" என்றார்.

"இல்லைங்க."

"நான் தண்ணி குடிக்கப் போகாம கதவுகிட்டயே நின்னிருந்தா?"

"நின்னிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டோம். உங்க மேல ஒரு தப்பும் இல்லை. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கை.

"அம்மா, உங்ககிட்ட அன்னைக்கு நான் ஒண்ணு சொல்லல. யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன் கேனோட வந்தப்போ நான் வண்டிகிட்டதான் நின்னேன். கையில சூடேறின இஸ்திரிப் பெட்டி. ஒரு எட்டு வச்சா அவனைத் தள்ளிவிட்டிருக்கலாம். செவலை தலையைத் தூக்கி என்னைத்தான் பாத்தா. அவனைப் பாக்கல. எனக்குக் கால் எழும்பல. 'கூப்பிட்டப்போ இல்லாத பய, நீ இப்ப என்ன கிழிக்கப் போற'ன்னு மனசு சொல்லிச்சு. அப்படியே நின்னேன். அதுக்குள்ள அவன் குனிஞ்சிட்டான்."

கட்டம்மா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூப்பிடலைன்னு தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேன்மா," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. யோசித்து யோசித்துச் சொன்னார். "சத்தியமா தடுத்திருப்பேன்."

உள்ளேயிருந்து தலைவரின் உதவியாளர் வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கட்டம்மா பெஞ்சின் ஓரத்தில் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். காகிதத்தை அடியில் வைத்ததை எழுதினாள். பொய் சொன்னதை எழுதினாள். அந்தப் பொய் அன்று சாயங்காலம் தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்ற ஒரு மனிதரின் காலைக் கட்டிப்போட்டதையும் எழுதினாள். கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரிக்காரர் இன்னும் அங்கேயே உட்கார்ந்து, செவலை தலையைத் தூக்கியது எந்தப் பக்கம், தான் நின்றது எந்தப் பக்கம் என்று விரலால் பெஞ்சில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எட்டுதான் இருந்தது.